காசு நம்மளோடது... சாவி அவங்களோடதா?



போன வாரம் எங்க ஹாஸ்டல் ரூமில் ஒரு பெரிய சண்டை. மறுநாள் இன்டர்னல். மூணு யூனிட் தொடவே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு புக்கை மூடி வெச்சுட்டு நாங்க நாலு பேரும் கத்திக்கிட்டிருந்தோம். வார்டன் கதவைத் தட்டி, 'என்னங்கடா, எலெக்‌ஷனா?'ன்னு கேட்டுட்டுப் போனார். கிட்டத்தட்ட அதுதான். ஒரு வீடியோ கேம் கம்பெனியை பாய்காட் பண்ணலாமா, வேண்டாமா என்பதுதான் மேட்டர்.

சண்டைக்குக் காரணமே நான்தான். ப்ளஸ் டூ லீவில் பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு கணக்கு டியூஷன் எடுத்து, சேர்த்த காசில் ஆயிரத்து நூறு ரூபாய் கொடுத்து ஒரு ஷூட்டிங் கேம் வாங்கினேன். என் வாழ்க்கையில் நானே சம்பாதிச்சு, நானே காசு கொடுத்து வாங்கின முதல் கேம். கம்பெனி பேரு இங்கே வேண்டாம். காலேஜ் சேர்ந்த பிறகு அதைத் தொடவே நேரமில்லை. போன செமஸ்டர் முடிஞ்ச அன்னிக்கு ஆசையா திறந்தால், 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்று வந்தது. ஹாஸ்டல் வை-ஃபையைத் திட்டினேன். ரூட்டரை ரெண்டு தட்டு தட்டினேன். பாவம், அது மேல தப்பே இல்லை. சர்வரையே நிறுத்திட்டாங்களாம். தனியாளா, எவன் துணையும் இல்லாமல் ஆடக்கூடிய பகுதி கூட அந்த சர்வர் இல்லாமல் திறக்காது.

கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன். ரெண்டே வரியில் பதில். 'வாங்கும்போது விதிமுறைகளை ஒப்புக்கொண்டுள்ளீர்கள்.' சரி, அப்படி என்னதான் ஒப்புக்கிட்டேன்னு முதல் தடவையா உட்கார்ந்து படிச்சேன். எனக்கு கேமை விற்கவே இல்லையாம். ஆடிக்கொள்ள லைசென்ஸ்தான் கொடுத்தாங்களாம். அதையும் எப்போ வேணும்னாலும் வாங்கிக்கலாமாம். நீங்க படிச்சிருக்கீங்களா அதை? பொய் சொல்லாதீங்க.

இதை ரூமில் புலம்பினதும் எங்க மெக்கானிக்கல் (பேரு போட்டா அடிப்பான், அதனால டிபார்ட்மென்ட்தான் பேரு) எழுந்து நின்னான். 'இனிமே அந்த கம்பெனியோட ஒரு கேமையும் நம்ம ரூம்ல யாரும் வாங்கக் கூடாது மச்சி. பாய்காட்!' என்று கை நீட்டி சத்தியம் கேட்டான். நாலு பேரும் கை வெச்சோம். மூணாவது நாள் அதே கம்பெனியோட அடுத்த கேமுக்கு டிரெய்லர் வந்தது. யார் முதலில் பார்த்தது, யார் 'கிராஃபிக்ஸ் செம'ன்னு ஸ்டேட்டஸ் போட்டதுன்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. அதில் ஆரம்பிச்சதுதான் சண்டை.

மெக்கானிக்கலை ரொம்பத் திட்ட முடியாது. இவனுக்கு உலகம் முழுக்க அண்ணன்மார் இருக்காங்க. 2009-ல் 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' வரும் முன்னாடி பி.சி.யில் ஆடுகிறவர்கள் கொதிச்சுப் போனாங்க. அதுவரை ஆட்டக்காரர்களே தனியா சர்வர் வெச்சு, தங்கள் இஷ்டத்துக்கு விதிகள் போட்டு ஆடலாம். அந்த வசதியை எடுத்துட்டாங்க. ஸ்டீமில் 'பாய்காட்' என்று குரூப் ஆரம்பிச்சு ஆளாளுக்குச் சேர்ந்தார்கள். நவம்பர் 10-ம் தேதி கேம் ரிலீஸ். அன்னிக்கு யாரோ ஒரு புண்ணியவான் அந்த குரூப்பின் மெம்பர் லிஸ்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டார். யார் யார் இப்போ எதை ஆடிக்கிட்டு இருக்காங்கன்னு பேருக்குக் கீழேயே காட்டுமே... பாதிக்கு மேல், மாடர்ன் வார்ஃபேர் 2! இன்னிக்கும் 'பாய்காட்'ன்னு யாராவது வாயைத் திறந்தா அந்தப் படத்தைத்தான் மூஞ்சிக்கு நேரா காட்டுறாங்க. வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மட்டும் முதல் நாளே சுமார் 47 லட்சம் காப்பி, 31 கோடி டாலர் வசூல் என்று அறிவிச்சது ஆக்டிவிஷன்.

அதே வருஷம் 'லெஃப்ட் 4 டெட் 2'-வுக்கும் ஒரு பாய்காட். முதல் பாகம் வந்து ஒரு வருஷம் கூட ஆகலை, அதுக்குள்ள இன்னொரு தடவை காசு கேட்கிறீங்களான்னு முப்பதாயிரம் பேருக்கு மேல் குரூப்பில் சேர்ந்தாங்க. வால்வ் கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? குரூப்பை நடத்தின ரெண்டு பேரையும் ஃப்ளைட் டிக்கெட் போட்டு தன் ஆபீஸுக்கே கூப்பிட்டு, புது கேமை ஆடவிட்டது. ஆடிட்டு வந்தவங்க, 'நல்லாத்தான் இருக்கு'ன்னுட்டாங்க. அக்டோபரில் குரூப்புக்கு மூடுவிழா. இதை ஜெயிச்சதுன்னு சொல்றதா, மாப்பிள்ளை அழைப்புன்னு சொல்றதா, எனக்குத் தெரியலை.

'அப்போ பாய்காட்னாலே வேஸ்ட்டா?'ன்னு சிவில் கேட்டான். அங்கேதான் நான் கொஞ்சம் மாறுபடுறேன். ஜெயிச்ச கதையும் இருக்கு, பாஸ். ஆனா அதுல எல்லாம் ஒரு விஷயத்தைக் கவனிச்சுப் பாருங்க.

2013-ல் மைக்ரோசாஃப்ட் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' கொண்டுவந்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நெட்டில் ஆஜர் கொடுக்கணும், டிஸ்க்கை நண்பனுக்குக் கொடுக்கவும் பழசாக விற்கவும் கட்டுப்பாடுன்னு சட்டம் போட்டாங்க. கொஞ்ச நாளிலேயே சோனி மேடை ஏறி, 'எங்க பி.எஸ்.4-ல் அதெல்லாம் கிடையாது, விலையும் நூறு டாலர் கம்மி'ன்னு சொல்ல, அரங்கமே அதிர்ந்தது. ஜூன் 19-ம் தேதி மைக்ரோசாஃப்ட் எல்லாத்தையும் வாபஸ் வாங்கியது. மெஷின் அதுவரை கடைக்கே வரலை. யாரும் காசு கொடுத்து முடிக்கலை. பக்கத்துக் கடையும் திறந்திருந்தது.

2017 நவம்பர். இ.ஏ. கம்பெனியின் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2'. முழு விலை கொடுத்து வாங்கின பிறகும், டார்த் வேடராக ஆடணும்னா ஒண்ணு பல மணி நேரம் உழைக்கணும், இல்லைன்னா அதிர்ஷ்டப் பெட்டிக்குள்ளே இன்னும் காசு போட்டு சீக்கிரம் முன்னேறணும். கம்பெனி தரப்பில் ரெடிட்டில் போட்ட விளக்கத்துக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் எதிர் ஓட்டு விழுந்து, அது கின்னஸ் வரைக்கும் போயிடுச்சு. உலகம் முழுக்க கேம் வெளியாகிறதுக்கு முந்தின நாள், காசு போடும் பெட்டியையே மூடி வெச்சாங்க. அடுத்த வருஷம் பெல்ஜியம், இந்த மாதிரிப் பெட்டி எல்லாம் சூதாட்டச் சட்டத்துக்குள்ளே வரும்னே சொல்லிடுச்சு.

2024 மே மாசம் 'ஹெல்டைவர்ஸ் 2'. பி.சி.யில் ஆடுறவங்களும் இனிமே சோனியில் கட்டாயம் அக்கவுன்ட் வெச்சிருக்கணும்னு அறிவிப்பு. அந்த அக்கவுன்ட்டே கொடுக்கப்படாத நாடுகளில் கூட கேமை வித்துட்டாங்க! அங்கே இருக்கிறவன் என்ன பண்ணுவான்? ஸ்டீமில் ரெண்டு லட்சத்துக்கும் மேல் திட்டு ரிவ்யூ குவிஞ்சது. மூணே நாளில் சோனி பின்வாங்கிச்சு. அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க பண்ணினதுதான் டாப். அவங்களே திரும்பிப் போய், திட்டின ரிவ்யூவை எல்லாம் பாராட்டா மாத்தி எழுதினாங்க. ஆனா பல நாடுகளில் விற்பனை மட்டும் உடனே திரும்பி வரலை.

இந்த மூணிலும் கேட்டது ஒரே ஒரு விஷயம். ஒரு வாக்கியத்தில் சொல்லிடலாம். அதோட, கேம் சந்தைக்கு வரப்போகுது இல்லைன்னா சூடா வித்துக்கிட்டிருக்கு. அதாவது, கம்பெனி எதிர்பார்க்கிற காசு இன்னும் நம்ம பாக்கெட்டில்தான் இருக்கு. 'இந்த கம்பெனியே கெட்டது, இனி ஜென்மத்துக்கும் வாங்க மாட்டேன்'னு சத்தியம் பண்ணினவங்களால எதுவும் நடக்கலை. 'இதை மாத்து, அப்போ வாங்குறேன்'னு நின்னவங்களாலதான் நடந்தது.

இப்போ நம்ம பிரச்னைக்கு வருவோம். ஏற்கெனவே வாங்கின கேமைப் பூட்டினா என்ன பண்ணுறது?

யுபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' தெரியும் இல்லையா? 2014 டிசம்பரில் வந்த கார் ரேஸ். அமெரிக்கா முழுசையும் சின்னதாச் சுருக்கி வெச்சு, ஒரு கரையில் இருந்து இன்னொரு கரைக்கு ஓட்டிக்கிட்டே போகலாம். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினாங்க. 2024 மார்ச் 31-ல் சர்வரையும் நிறுத்தினாங்க. தனியா ஓட்டுறதுக்குன்னே கதை இருந்த கேம் அது. அதுவும் சேர்ந்து செத்துப் போச்சு. டிஸ்க் வாங்கி அலமாரியில் வெச்சிருந்தவனுக்கு அது இனிமே காபி டம்ளர் வைக்கத்தான். பல பேரோட அக்கவுன்ட்டில் இருந்து அந்த லைசென்ஸையே எடுத்துட்டாங்கன்னு அடுத்த மாசம் தகவல் வந்தது. அமெரிக்காவில் ரெண்டு ஆட்டக்காரர்கள் கேஸ் போட்டாங்க. கம்பெனி பதில் என்ன தெரியுமா? வாங்கினவங்களுக்குக் கிடைச்சது லைசென்ஸ் மட்டும்தான். எனக்கு வந்த ரெண்டு வரி மெயிலை அங்கே கோட்டு போட்ட வக்கீல் சொல்லியிருக்கார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுக்கு பாய்காட் பண்ணி என்ன பிரயோஜனம்? பத்து வருஷத்துக்கு முன்னாடியே காசு போயாச்சு. யாருகிட்ட போய் 'வாங்க மாட்டேன்'னு சொல்றது?

ராஸ் ஸ்காட் என்ற யூடியூப்காரர் இந்த இடத்தில்தான் புத்திசாலித்தனமா யோசிச்சார். 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று ஒரு இயக்கம் தொடங்கினார். வாங்காதேன்னு சொல்லாம, கையெழுத்துப் போடுன்னு கேட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வழி இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ளே பத்து லட்சம் குடிமக்கள், குறைந்தது ஏழு நாடுகளில் தேவையான அளவுக்கு, கையெழுத்துப் போட்டால் ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியே ஆகணும். 2024 ஜூலை 31-ல் ஆரம்பிச்சாங்க. பாதி வருஷத்துக்கு மேல் நத்தை மாதிரி நகர்ந்தது. 2025 ஜூன் கடைசியில் பெரிய யூடியூபர்கள் கையில் எடுக்க, ஜூலை தொடக்கத்தில் பத்து லட்சம் தாண்டி, மாசக் கடைசியில் முடியும்போது 14 லட்சத்தையும் தாண்டிடுச்சு. பிரிட்டனிலும் ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்து, 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் விவாதமே நடந்தது. (சட்டத்தை மாத்துற எண்ணம் இல்லைன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. அது வேற சோகம்.)

அவங்க கேட்கிறது என்னன்னு பாருங்க. சாகுற வரைக்கும் சர்வரை ஓட்டுன்னு கேட்கலை. கடையை மூடும்போது, ஆடக்கூடிய நிலையில் விட்டுட்டுப் போ. அவ்வளவுதான்.

கம்பெனிக்காரங்க தரப்பும் இருக்கு. எல்லா கேமையும் அப்படி விட்டுட்டுப் போக முடியாது, ஆட்டக்காரர்கள் நடத்துற சர்வரில் பாதுகாப்பு இருக்காது, செலவு எகிறும் என்று ஐரோப்பிய கேம் நிறுவனங்களின் சங்கம் சொன்னது. சி.எஸ்.இ. படிக்கிறவன் என்கிற முறையில் (அரியர் வெச்சிருந்தாலும் சி.எஸ்.இ.தான்) பாதியை ஒப்புக்கிறேன். ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஒரே உலகத்தில் ஆடுற கேமில் பாதி மூளை சர்வரில்தான் இருக்கும். அதைப் பிரிச்சு எடுக்கிறது சாதாரண வேலை இல்லை. கட்டின வீட்டில் பிறகு லிஃப்ட் வைக்கிற மாதிரி. பிளான் போடும்போதே இடம் விட்டிருந்தா செலவு கம்மி. ஆனா 'தி க்ரூ' விஷயத்தில் அந்தப் பேச்சு எடுபடலை. 2025 செப்டம்பரில் ரசிகர்களே சேர்ந்து, கம்பெனி உதவி இல்லாம, தாங்களே ஒரு சர்வர் எழுதி பி.சி.யில் அந்த கேமுக்கு உயிர் கொடுத்துட்டாங்க. அதே வருஷம் அக்டோபரில் யுபிசாஃப்ட்டும் 'தி க்ரூ 2'-வுக்கு ஆஃப்லைனில் ஆடுற வசதியைக் கொடுத்தது. முதல் பாகத்துக்காக எழுந்த சத்தம் இல்லைன்னா இது வந்திருக்கும்னு நான் நம்பலை.

இன்னொரு சின்ன மாற்றமும் நடந்தது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கு. லைசென்ஸ் மட்டும்தான் கொடுக்கிறேன்னா, அதைத் தெளிவாச் சொல்லணும், சும்மா 'வாங்குங்கள்'னு பட்டன் வெச்சு ஏமாத்தக் கூடாது. அது வர்றதுக்கு முன்னாடியே ஸ்டீமில் காசு கட்டுற இடத்தில் அப்படி ஒரு வரி முளைச்சாச்சு. அடுத்த தடவை கவனிச்சுப் பாருங்க.

'எதுக்குடா இவ்ளோ கஷ்டம்? கிராக் பண்ணின காப்பியை இறக்கு, வேலை முடிஞ்சது' என்றான் சிவில். அவன் சொன்னதில் ஒரு குத்தல் உண்மை இருக்கு. என் பெரியப்பா பையன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கின திருட்டு 'வைஸ் சிட்டி' சி.டி. இன்னிக்கும் ஓடுது. காசு கொடுத்து ஒழுங்கா வாங்கின என் கேம் ஓடலை. இந்த அவமானத்தை எங்கே போய்ச் சொல்ல? ஆனா கம்பெனிக்கு இதனால புத்தி வருதான்னு பார்த்தா, வராது. 2008-ல் 'ஸ்போர்' கேமை மூணு தடவைக்கு மேல் இன்ஸ்டால் பண்ண முடியாதுன்னு பூட்டு போட்டாங்க. அமேசானில் ஒத்தை ஸ்டார் மழை. கூடவே திருட்டு காப்பியும் லட்சக்கணக்கில் பறந்தது. இ.ஏ. என்ன பண்ணுச்சு? மூணை அஞ்சாக்கிச்சு. நாம திருட ஆரம்பிச்சா, 'பாருங்க, இதுக்குத்தான் பூட்டு'ன்னு அவங்களுக்கே பாயின்ட் எடுத்துக் கொடுக்கிறோம்.

நடுவில் இ.சி.இ. ஒரு கேள்வி கேட்டான். அதுக்கு என்கிட்ட இன்னும் முழு பதில் இல்லை. 'பாய்காட் ஜெயிச்சா வேலை போறது யாருக்கு?' எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர் கேம் டெஸ்டிங்கில் இருக்கார். சர்வரை எப்போ மூடுறதுன்னு அவரைக் கேட்டா முடிவு பண்றாங்க? யுபிசாஃப்ட்டுக்கு புனேயிலும் மும்பையிலும் ஸ்டுடியோ இருக்கு, நம்ம மாதிரி பி.இ. முடிச்சவங்க அங்கே உட்கார்ந்து கோட் எழுதுறாங்க. 2024 டிசம்பரில் 'எக்ஸ்டிஃபையன்ட்' சரியாப் போகலைன்னு அதே கம்பெனி சான் ஃபிரான்சிஸ்கோ, ஒசாகா ஸ்டுடியோக்களை மூடி, சிட்னியிலும் ஆட்களைக் குறைச்சது. மொத்தம் 277 பேர். அது பாய்காட்டால் வந்ததில்லை. ஆனா வருமானம் குறைஞ்சா கத்தி எங்கே முதலில் விழும்னு அதில் தெரியுது. கம்பெனி மொத்தத்தையும் புறக்கணிக்கச் சொன்னா நான் கை தூக்காததுக்கு இதுவும் ஒரு காரணம்.

மொபைலில் மட்டும் ஆடுறவங்களே, 'நமக்கென்ன'ன்னு பக்கத்தைத் திருப்பாதீங்க. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தப்போ, அம்மாகிட்ட பொய் சொல்லி வாங்கின யு.சி., ஸ்கின் எல்லாம் என்ன ஆகுமோன்னு பள்ளிக்கூடமே தூக்கம் இல்லாம கிடந்தது. அது அரசாங்க உத்தரவு, கம்பெனி தப்பு இல்லை. ஆனா நம்ம துப்பாக்கி, நம்ம சட்டை எல்லாம் யாரோ ஒருத்தர் சர்வரில்தான் மாட்டியிருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது. அப்போ எனக்கு வயசு பதினஞ்சு கூட ஆகலை.

சரி, நான் என்ன முடிவு பண்ணினேன்? சத்தியம் வாபஸ். பாய்காட் கிடையாது. ஆனா ப்ரீ-ஆர்டர் இனிமே சுத்தமா கிடையாது. கேம் வந்து ஒரு மாசம் ஆகட்டும். நெட் இல்லாம தனியா ஆட முடியுமான்னு பார்ப்பேன். முடியாதுன்னா முழு விலை கொடுக்க மாட்டேன், வாடகைப் பொருளுக்கு வாடகைதான். ஏன் வாங்கலைன்னு ஒரே வாக்கியத்தில் ரிவ்யூவிலோ மெயிலிலோ எழுதிடுவேன். சத்தமில்லாம வாங்காம இருந்தா, கேம் பிடிக்கலைன்னு நினைச்சுக்குவாங்க.

அதோட நிறுத்தலை. நம்ம நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ஐ எடுத்துப் படிச்சேன் (இன்டர்னலுக்குக் கூட இப்படிப் படிச்சதில்லை). அதில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு பிரிவே இருக்கு. தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் தன்னிச்சையா முடிச்சுக்கிற மாதிரி எழுதி, நுகர்வோர் உரிமையைப் பெரிசா பாதிச்சா, அதுவும் அந்தப் பட்டியலில் வருது. 'தகுந்த காரணம்' என்ற ரெண்டு வார்த்தையில்தான் வக்கீல்கள் குடித்தனம் நடத்துவாங்கன்னு எனக்கும் தெரியும். சர்வர் செலவு தகுந்த காரணம்தான்னு அவங்க சொல்லுவாங்க. விற்கும்போதே இதைப் பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாமேன்னு நான் சொல்லுவேன். கேஸுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு. 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

பேசினேன். அந்தப் பக்கம் இருந்த மேடம் முதலில், 'என்ன பொருள் தம்பி, மிக்ஸியா, மொபைலா?'ன்னு கேட்டாங்க. கேம்னு சொன்னதும் ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் பொறுமையா எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டாங்க. பில் இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு, மெயிலில். எவ்வளவு தொகைன்னு கேட்டாங்க. ஆயிரத்து நூறுன்னு சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமா இருந்தது. 'தொகையைப் பத்தி யோசிக்காதீங்க'ன்னாங்க. புகார் எண் மெசேஜில் வந்திருக்கு. சுவரில் டைம்டேபிள் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கேன்.

மெக்கானிக்கல் அதைப் பார்த்துட்டு, 'சூப்பர்டா மச்சி, விடாதே'ன்னு முதுகில் தட்டினான். அப்புறம் மெதுவா, 'ப்ரீ-ஆர்டர் ஆஃபர் வெள்ளிக்கிழமையோட முடியுது... ஒரு ஐந்நூறு ரூபா இருக்குமா?'ன்னான்.